நிறுத்தத் தெரிந்த நரம்புகள்

எட்டிக்காயின் கசப்பைத் தமிழில் தனியாக விளக்க வேண்டியதில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காடுகளில் தானாக வளரும் அந்த மரத்தின் விதையில் ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு இருக்கிறது. பெல்த்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1818இல் எட்டியின் இனத்தைச் சேர்ந்த விதைகளிலிருந்து அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அந்த நஞ்சு ஏறியவரின் உடலில் நடப்பது கொடுமையானது. கழுத்தும் முதுகும் விறைக்கும், தாடை இறுகும், உடல் வில்லாக வளையும். கதவு சாத்தும் ஓசையோ லேசான தொடுகையோ போதும், மறுபடி உடல் முழுக்க இழுத்துக்கொள்ளும். நினைவு மட்டும் பெரும்பாலும் தப்புவதில்லை. நெஞ்சுத் தசைகளும் விறைத்து நிற்பதால் மூச்சு முட்டி உயிர் போகிறது. இதைப் பார்ப்பவர்கள் நரம்புகளை வெறிகொண்டு தூண்டிவிடும் நஞ்சு என்றுதான் முடிவு செய்வார்கள். நீண்ட காலம் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், மிகச் சிறிய அளவில் அதை ஊக்க மருந்தாகவும் கொடுத்தார்கள். ஆனால் ஸ்ட்ரிக்னின் எந்த நரம்பையும் நேரடியாகத் தூண்டுவதில்லை. தண்டுவடத்தில் ஒரு நரம்புச் செல் இன்னொன்றிடம் ‘நில்’ என்று சொல்லும் சேதியை அது வந்து சேராமல் மறிக்கிறது, அவ்வளவுதான். நிறுத்தும் சேதி இல்லாமல் போனாலே உடல் இந்த நிலைக்கு ஆளாகிறது என்றால், நரம்பு மண்டலம் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு பெரிய வேலையைத் தடுப்பதற்காகவே செய்துகொண்டிருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும். பள்ளிப் பாடங்களில் நரம்பு என்றால் கட்டளையைக் கொண்டு செல்லும் கம்பி. அந்தப் படம் பாதி உண்மைதான். மீதிப் பாதி தடுப்பது, அது இல்லாமல் முதல் பாதிக்குப் பொருளே இல்லை என்பது என் வாதம்.

அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் வெளியே கிளைக்கின்றன. இவை தோல், தசை, உள்ளுறுப்புகள் எல்லாவற்றுக்கும் போய்வருகின்றன. ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருப்பதாக 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு செல்லுக்கும் சேதி வாங்கும் கிளைகளும், சேதி அனுப்பும் ஆக்சான் என்ற நீண்ட இழையும் உண்டு. ஆக்சானின் முனை அடுத்த செல்லைத் தொடாமல் மிக நுண்ணிய இடைவெளி விட்டு நிற்கிறது. அந்தச் சந்திப்புக்குச் சினாப்ஸ் என்று பெயர். மின்துடிப்பு ஆக்சானின் முனைக்கு வந்ததும் அங்கிருந்து ஒரு வேதிப்பொருள் கசிந்து இடைவெளியைக் கடக்கிறது.

இந்த இடத்தில்தான் பாடப்புத்தகங்கள் அவசரப்படுகின்றன. வேதிப்பொருள் போய்ச் சேர்ந்ததும் அடுத்த செல் தூண்டப்படுகிறது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. உண்மையில் இரண்டில் ஒன்று நடக்கலாம். ஓய்வில் இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கிறது. குளுட்டமேட் போன்ற பொருள் வந்து சேர்ந்தால் நேர்மின் அயனிகள் உள்ளே பாய்ந்து அந்த வித்தியாசம் குறைகிறது. ஒரு வரம்பைத் தாண்டினால் செல் துடிப்பை வெளியிடும். கிளைசினோ காபாவோ வந்தால் பெரும்பாலும் குளோரைடு அயனிக்கான வாசல் திறக்கிறது. செல் அந்த வரம்பிலிருந்து இன்னும் விலகிப் போகிறது, அல்லது இருந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தப்படுகிறது. தண்டுவடத்தில் உள்ள ஒரேயொரு இயக்க நரம்புச் செல்லின் மேல் ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள் உட்கார்ந்திருக்கின்றன. சில ‘போ’ என்கின்றன, சில ‘நில்’ என்கின்றன. இரண்டையும் கூட்டிக் கழித்து, மில்லிநொடிக்கு மில்லிநொடி அந்தச் செல் முடிவெடுக்கிறது. கழித்தல் இல்லாவிட்டால் அதைக் கணக்கு என்றே சொல்ல முடியாது.

முழங்கால் அனிச்சையை நெருங்கிப் பார்த்தால் இது தெளிவாகும். மருத்துவர் முழங்கால் சில்லுக்குக் கீழே ரப்பர் சுத்தியால் தட்டுகிறார். தொடையின் முன்பக்கத் தசை கண நேரம் இழுபடுகிறது. தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் அதை உணர்ந்து, மிக வேகமான நரம்பிழைகள் வழியே கீழ்முதுகுப் பகுதித் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகின்றன. அந்த இழை அங்கே நேராக இயக்க நரம்புச் செல்லைத் தூண்ட, கால் உதைக்கிறது. சுத்தி பட்டதிலிருந்து தசைக்குச் சேதி திரும்பி வர ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான் ஆகிறது. இதுவரை எல்லோரும் படித்த கதை. அதே இழை தண்டுவடத்துக்குள் இன்னொரு கிளையும் விடுகிறது. அது ஒரு சிறிய இடைநரம்புச் செல்லைத் தூண்டுகிறது, அந்தச் செல் கிளைசினை வெளியிட்டுத் தொடையின் பின்பக்கத் தசைகளுக்குப் போகும் இயக்கச் செல்களை அடக்குகிறது. பின்பக்கம் தளராவிட்டால் முன்பக்கம் எவ்வளவு சுருங்கினாலும் கால் நிமிராது. ஒரே தட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பதில்கள், அவற்றில் ஒன்று தடை. நடப்பது, எழுதுவது, சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பது என மூட்டு அசையும் செயல் ஒவ்வொன்றிலும் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது.

முதுகெலும்புள்ள விலங்குகளின் உடலமைப்பில் ஒரு விசேஷத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நண்டு, இறால் வகைகளின் தசைக்குச் சுருங்கு என்று சொல்ல ஒரு நரம்பும், சுருங்காதே என்று சொல்ல இன்னொரு நரம்பும் போகின்றன. நம் கை கால் தசைகளுக்கு இரண்டாவது வகை கிடையவே கிடையாது. நம் தசைக்கு வந்து சேரும் ஒவ்வொரு துடிப்பும் சுருங்கு என்றுதான் சொல்கிறது. ஆகவே எந்தத் தசை எப்போது சும்மா இருக்க வேண்டும் என்ற முடிவு முழுவதையும், சேதி தண்டுவடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். ஸ்ட்ரிக்னினுக்கு எதிராக உடலின் கடைக்கோடியில் மாற்றுக் காவல் எதுவும் இல்லாததற்கு இதுவே காரணம்.

தடுப்பதும் நரம்பின் வேலைதான் என்று ஒப்புக்கொள்ள அறிவியலுக்கு நூறாண்டு பிடித்தது. 1845இல் ஜெர்மனியில் வேபர் சகோதரர்கள் தவளையின் வேகஸ் நரம்பில் மின்சாரம் பாய்ச்சியபோது அதன் இதயம் நின்றுபோனது. நரம்பைத் தூண்டினால் உறுப்பு வேகமெடுக்கும் என்று நம்பியிருந்த காலத்தில் இது ஏற்க முடியாத முடிவாகத் தோன்றியது. அந்த நரம்பு களைத்துப்போனதால்தான் இதயம் நின்றது என்று வாதிட்டவர்கள் உண்டு. ரஷ்யாவின் இவான் செச்செனோவ் 1862இல் பாரிஸில் கிளாட் பெர்னாரின் ஆய்வகத்தில் தவளையின் மூளையின் நடுப்பகுதியில் உப்புப் படிகத்தை வைத்தார். அமிலத்திலிருந்து காலை இழுத்துக்கொள்ளும் அனிச்சை தாமதமானது. மூளை தண்டுவடத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்கு அது நல்ல சான்று. அதன் பிறகு இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன், ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசை தளர்வது நரம்பு மண்டலம் முனைந்து செய்யும் வேலை என்று பல ஆண்டுச் சோதனைகளால் நிறுவினார். 1932இல் நோபல் பரிசு வாங்கியபோது அவர் தம் உரைக்கு எடுத்துக்கொண்ட தலைப்பே, ஒருங்கிணைப்பில் தடுப்பின் பங்கு என்பதுதான்.

அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: செல்லுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? இதற்கு விடை கண்டவர் ஷெரிங்டனின் மாணவர் ஜான் எக்கிள்ஸ். சினாப்ஸில் சேதி மின்சாரமாகவே தாவுகிறது, வேதிப்பொருளுக்கு அங்கே வேலை இல்லை என்று அவர் பல ஆண்டுகள் பிடிவாதமாக வாதாடியவர். தடுப்பையும் அதே கொள்கையால் விளக்கியிருந்தார். 1951இல் நியூசிலாந்தின் டனீடனில் தம் சக ஆய்வாளர்களுடன் பூனையின் இயக்க நரம்புச் செல் ஒன்றுக்குள்ளேயே நுண் மின்முனையைச் செருகி, தடுக்கும் சேதி வரும் வேளையில் மின்னழுத்தத்தை அளந்தார். அது அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான திசையில் நகர்ந்தது. செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின் தன்மை அடைந்தது. தம் கொள்கை விழுந்துவிட்டதை எக்கிள்ஸ் உடனே ஏற்றுக்கொண்டார், அச்சிலும் ஏற்றினார். தடுப்பு என்பது தூண்டுதல் இல்லாத வெறுமையாக இருந்திருந்தால் அந்த மின்னழுத்தம் அசைந்தே இருக்காது. அசைந்ததால் அது தனிச் செயல் என்பது உறுதியானது. 1963இல் அவரும் நோபல் பரிசு பெற்றார்.

ஆய்வகத்துக்கு வெளியே இதே உண்மையை ஒரு பாக்டீரியா மிகக் கொடூரமாக மெய்ப்பித்து வந்திருக்கிறது. டெட்டனஸ் கிருமி புண்ணில் உண்டாக்கும் நச்சு, இயக்க நரம்பின் ஆக்சானுக்குள் புகுந்து எதிர்த்திசையில் தண்டுவடம் வரை ஏறுகிறது. அங்கே இயக்கச் செல்லைத் தொந்தரவு செய்யாமல் அதைத் தாண்டிப்போய், அதன் மேல் அமர்ந்திருக்கும் தடுப்புச் செல்லின் முனைக்குள் நுழைகிறது. கிளைசினையும் காபாவையும் வெளியே விடுவதற்குத் தேவையான ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. ஸ்ட்ரிக்னின் வாங்குபவரின் காதை அடைக்கிறது என்றால், டெட்டனஸ் நச்சு சொல்பவரின் வாயைக் கட்டுகிறது. விளைவு ஏறத்தாழ ஒன்றே. நோயாளியின் தாடை ஏன் மூடியபடி பூட்டிக்கொள்கிறது, ஏன் திறந்தபடி நிற்பதில்லை? கட்டுப்பாடு போனதும் மூடும் தசையும் திறக்கும் தசையும் சேர்ந்தே சுருங்குகின்றன. மெல்லுவதற்காகப் பலம் பெற்ற மூடும் தசைகள் வென்றுவிடுகின்றன. முதுகு பின்னோக்கி வளைவதற்கும் இதுவே காரணம், உடலை நிமிர்த்தி நிறுத்தும் தசைகள்தான் வலுவானவை. தொப்புள்கொடியைச் சுத்தமில்லாத கத்தியால் அறுத்ததால் பிறந்த சில நாள்களிலேயே குழந்தைகள் இப்படி விறைத்து இறந்த காலம் இந்தியாவில் வெகு தூரத்தில் இல்லை. கர்ப்பிணிகளுக்குப் போட்ட தடுப்பூசியாலும் பாதுகாப்பான பிரசவத்தாலும்தான், தாய் சேய் டெட்டனஸ் இந்தியாவில் ஒழிக்கப்பட்ட அளவுக்குக் குறைந்துவிட்டதாக 2015இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பொது சுகாதாரத்தின் மகத்தான வெற்றிகளில் ஒன்று அது.

தண்டுவடத்தை விட்டு மேலே போனாலும் இதே கதைதான் தொடர்கிறது. இதயம் தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உறுப்பு. நரம்புகளின் தலையீடு இல்லாமல் விட்டால் வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். ஓய்வில் நாடி பிடித்தால் 70 சொச்சம் இருப்பதற்கு, வேகஸ் நரம்பு ஓயாமல் அதை இழுத்துப் பிடித்திருப்பதே காரணம். மாற்று இதயம் பொருத்தப்பட்டவருக்கு அந்த நரம்பு அறுபட்டிருப்பதால் ஓய்விலும் நாடி வேகமாகவே இருக்கும். மாடிப்படி ஏறத் தொடங்கியதும் நம் இதயத் துடிப்பு சட்டென்று கூடுவது, முதலில் இந்தப் பிடி தளர்வதால்தான்.

பக்கவாதம் வந்தவரைக் கவனித்தவர்களுக்கு இன்னொரு சான்று தெரியும். முதலில் கை கால் துவண்டு கிடக்கும். சில வாரங்களில் அதே கை முழங்கையில் மடங்கி, விரல்கள் இறுகி, விறைத்துப்போகும். முழங்காலைத் தட்டினால் கால் முன்பைவிட வேகமாக உதைக்கும். மூளையிலிருந்து வரும் கட்டளை மட்டும் அறுந்திருந்தால் தசை துவண்டே இருந்திருக்க வேண்டும். 1896இல் ஜோசப் பபின்ஸ்கி விவரித்த ஒரு சின்னச் சோதனை இதை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. வளர்ந்தவரின் உள்ளங்காலின் வெளியோரத்தைக் கீறினால் பெருவிரல் கீழ்நோக்கி மடங்கும். கைக்குழந்தைக்கு அது மேல்நோக்கி எழும். மூளையிலிருந்து இறங்கும் இயக்கப் பாதை பழுதானவர்களுக்கும் அது மேல்நோக்கியே எழும். குழந்தைப் பருவத்து அனிச்சை எங்கும் போய்விடவில்லை, வாழ்நாள் முழுக்க அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. விறைப்புக்குக் காரணம் தடுப்பு போனது மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு நியாயம் உண்டு. மேலிருந்து வரும் சேதி நின்றதும் இயக்கச் செல்களே நாளடைவில் அதிகக் கூருணர்வு பெறுகின்றன, அசையாத தசையும் நாரேறிச் சுருங்குகிறது. ஆனாலும் காபாவைப் போல் வேலை செய்யும் பேக்லோஃபன் மருந்து பலருக்கு விறைப்பைத் தளர்த்துகிறது என்பது, இழந்தவற்றில் தடுப்பும் முக்கியமானது என்பதற்குப் போதுமான ஆதாரம்.

மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகள் இந்தக் கொள்கையை உச்சத்துக்குக் கொண்டுபோகின்றன. அவற்றிலிருந்து வெளியேறும் செல்கள் காபாவை வெளியிடுபவை. நாம் சும்மா இருக்கும்போதுதான் அவை விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். 1983இல் ஹிக்கோசாகா, வுர்ட்ஸ் இருவரும் குரங்குகளில் இதைப் பதிவு செய்தார்கள். குரங்கு கண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் திருப்பும் நொடிக்குச் சற்று முன்னால், வழக்கமாகத் துடிக்கும் அந்தச் செல்கள் மௌனமாகின. கண் திரும்பியது. ஏரி நிறையத் தண்ணீர் கரையை முட்டிக்கொண்டே நிற்க, எந்த மதகைத் திறக்கிறோமோ அந்த வயலுக்கு மட்டும் பாய்வதைப் போல, அசைவு என்பது இங்கே புதிதாக உண்டாக்கப்படுவதைவிட அவிழ்த்துவிடப்படுவதாகவே இருக்கிறது. அந்தப் பகுதியில் ஒரு சிறு முடிச்சு பக்கவாதத்தால் அழிந்தால் ஒரு பக்கக் கையும் காலும் தாமாகவே வீசி எறியும். பார்க்கின்சன் நோயில் தடை மிகுந்து, நினைத்த அசைவையும் தொடங்க முடியாமல் போகிறது. சிறுமூளையோ இன்னும் வியப்பு. மூளையின் நரம்புச் செல்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் இருக்கின்றன. அதன் புறணியிலிருந்து வெளியே போகும் ஒரே வழி பர்க்கின்ஜி செல்கள். அவை தடுப்பதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை என்று ஜப்பானின் மசாவோ இட்டோ 1960களில் கண்டார். இத்தனை செல்களும் சேர்ந்து கணக்குப் போட்டு வெளியே அனுப்பும் ஒரே சொல் ‘வேண்டாம்’.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெருமூளைப் புறணியில் ஏறத்தாழ 80 சதவீதச் செல்கள் தூண்டுபவை, 20 சதவீதம்தான் தடுப்பவை. சிறுபான்மைக்கு இத்தனை முக்கியத்துவம் கொடுப்பது சரியா? எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமானது, இடத்தைப் பார்த்தால் விடை வேறு. தூண்டும் சினாப்ஸ்கள் பெரும்பாலும் தொலைவில் கிளைகளின் மேல் இருக்கின்றன. தடுக்கும் செல்களில் ஒரு வகை, செல் உடலைச் சுற்றியே தன் முனைகளைக் கூடையாகப் பின்னியிருக்கிறது. இன்னொரு வகை, துடிப்பு தொடங்கும் ஆக்சானின் அடியிலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் அண்டையிலுள்ள நூற்றுக்கணக்கான செல்களைத் தொடுகிறது. டிராவே நோய்க்குறி என்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு இதற்கு மறுக்க முடியாத சான்று. அந்த நோயில் பெரும்பாலும் சோடியம் வாசல் ஒன்றின் மரபணு பழுதாகியிருக்கும். சோடியம் வாசல்தான் நரம்புத் துடிப்பை உண்டாக்குவது, அது குறைந்தால் மூளை மந்தமாக வேண்டும். நடப்பதோ ஓயாத வலிப்பு. எலிகளில் ஆராய்ந்தபோது விடை கிடைத்தது: அந்த வகை வாசலை அதிகம் நம்பியிருப்பவை தடுப்புச் செல்கள்தாம். சிறுபான்மை சோர்ந்துபோக, பெரும்பான்மை கட்டவிழ்ந்தது. சோடியம் வாசலை அடைக்கும் வழக்கமான வலிப்பு மருந்துகள் சில இந்தக் குழந்தைகளுக்கு நோயைக் கூட்டிவிடுவதும் இதனால்தான்.

அப்படியானால் தடுப்பு கூடக்கூட நல்லதுதானே என்று அடுத்து ஒருவர் கேட்கலாம். மயக்க மருந்துகள் பலவும் காபாவின் விளைவைப் பெருக்குபவை. அளவு மீறினால் மூச்சே நிற்கும். தடுப்பின் பயன் அதன் அளவில் இல்லை, சரியான செல்லைச் சரியான கணத்தில் பிடிப்பதில் இருக்கிறது. கனவு காணும் தூக்கத்தில் மூளைத்தண்டு உடலின் தசைகளை ஏறத்தாழ முழுதாக முடக்குகிறது, ஆனால் கண்களையும் மூச்சுக்கான உதரவிதானத்தையும் விட்டுவைக்கிறது. பூனையின் மூளைத்தண்டில் குறிப்பிட்ட பகுதியை மிஷேல் ஜுவே பழுதாக்கியபோது, அது தூக்கத்திலேயே எழுந்து இல்லாத இரையைத் துரத்தியது. முதியவர்கள் சிலர் கனவில் வரும் சண்டையை உண்மையாகவே கையால் போட்டு, பக்கத்தில் படுத்திருப்பவரைக் காயப்படுத்திவிடுவதும் இதே தடை பழுதாவதால்தான்.

நம் ஊரில் இந்த அறிவு உடனடியாகத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. சாராயம் காபாவின் வேலையைக் கூட்டி, குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்டத் தன் சொந்தத் தடுப்பைத் தளர்த்திக்கொள்கிறது, தூண்டுதலைக் கூட்டிக்கொள்கிறது. குடியைத் திடீரென்று நிறுத்தும் நாளில் வெளியிலிருந்து வந்த தடையும் இல்லை, உள்ளே இருந்ததும் குறைந்துபோயிருக்கிறது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த நாள்களில் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். மனவுறுதி இல்லாதவர் என்றோ பேய் பிடித்தது என்றோ வீட்டார் நினைத்து, கட்டி வைத்துவிட்டு நாளைக் கடத்துவது பெரும் தவறு. ரொம்ப நாள் கடுமையாகக் குடித்தவர் நிறுத்துவதென்றால் மருத்துவமனையில் நிறுத்த வேண்டும். அங்கே காபாவுக்குத் துணை நிற்கும் டயஸிபம் வகை மருந்தைக் கொடுத்து, மூளை தன் தடுப்பைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் வேகத்துக்கு ஏற்ப நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள்.